காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கியதும் 'மர்மக் காய்ச்சல்' என்ற தலைப்பு உங்கள் நாளிதழில் வந்துவிடுகிறது. பெங்களூரு பக்கத்திலும் வருகிறது, வேலூர், தருமபுரி பக்கங்களிலும் வருகிறது. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படுகிறது. 31 வருஷம் பெங்களூருவில் ஒரு அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 'மர்மம்' என்று பெயர் வைக்கப்பட்ட காய்ச்சல்களில் பல, சரியான நாளில் சரியான பரிசோதனை செய்யாததால்தான் அந்தப் பெயரைச் சுமந்தன. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுக்க உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது பெயர். அடுத்தது, காய்ச்சல் எத்தனை நாளாக என்பது. ஸ்ரீராமபுரம், ஓக்கலிபுரம் ஆட்களிடம் தமிழில் கேட்பேன். மற்றவர்களிடம் கன்னடத்தில் 'ஜ்வர எஷ்டு தின ஆய்து?' என்பேன். சிவாஜிநகர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் உருதுவில் 'புகார் கித்னே தின் சே?' என்பேன், புகார் என்றால் அங்கே காய்ச்சல். மூன்று மொழியிலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: ரெண்டு நாள். ஆறு நாள் காய்ச்சலோடு வந்தவரும் ரெண்டு நாள் என்றுதான் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. டோலோ மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாட்களை யாரும் காய்ச்சல் நாளாகக் கணக்கில் வைப்பதில்லை, படுத்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்கப் பழகிக்கொண்டேன். "கடைசியா உடம்பு முழுசா நல்லா இருந்தது எந்தக் கிழமை? ஞாயித்துக்கிழமை கறி சாப்பிட்டீங்களா, வாய் கசந்துச்சா?" என்று கேட்டால், கூட வந்திருக்கும் மனைவியோ அம்மாவோ யோசித்துப் பார்த்து, "இல்லீங்க, சனிக்கிழமை ராத்திரியே உடம்பு சுட்டுச்சு" என்பார்கள். அப்போதுதான் உண்மைத் தேதி கிடைக்கும்.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று கேட்கலாம். டெங்கு வைரஸ் ரத்தத்தில் பெருகும்போது என்எஸ்1 என்ற புரதத்தை வெளியே விடுகிறது. முதல் நாளிலிருந்தே அதைக் கண்டுபிடிக்கலாம். ஐந்து நாள் போனால் அது குறையத் தொடங்கும். நம் உடம்பு அந்த வைரஸை எதிர்த்து உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் தலைகாட்டவோ சில நாள் ஆகும். முதல்முறை டெங்கு வந்தவர்களில் ஐந்தாம் நாளில் 100-க்கு 80 பேருக்குத்தான் ஐஜிஎம் தெரியும், பத்தாம் நாளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் மத்திய அரசின் வழிகாட்டுதல், எலைசா என்ற ஆய்வக முறையில் முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1, அதன்பின் ஐஜிஎம் என்று பிரித்து வைத்திருக்கிறது. இரண்டாம் நாளில் ஐஜிஎம் தேடினாலும் 'இல்லை' என்று வரும், ஏழாம் நாளில் என்எஸ்1 மட்டும் தேடினாலும் 'இல்லை' என்று வரக்கூடும். இரண்டு தாளிலும் நெகட்டிவ் என்று அச்சாகும். இரண்டு பேருக்கும் டெங்கு இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, வெளியில் பலருக்கு இது தெரியாது. ஏற்கனவே ஒருமுறை டெங்கு வந்து போனவர்களின் ரத்தத்தில் பழைய எதிர்ப்பொருள் தயாராக இருக்கும். அது புதிதாக வரும் என்எஸ்1-ஐச் சீக்கிரமே பிடித்து மறைத்துவிடுகிறது. ஐஜிஎம்மும் அவர்களுக்குக் குறைவாகவே ஏறும், சிலருக்கு ஏறாமலே போகும். ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் மட்டும் சட்டென்று தாவும். டெங்கு வைரஸில் நான்கு வகை இருப்பதால், ஒன்று வந்து போனவருக்கு இன்னொன்று வரலாம். இரண்டாம் தடவைதான் ஆபத்து அதிகம். அந்த இரண்டாம் தடவையில்தான் பரிசோதனையும் ஏமாற்றுகிறது.

என் அக்கா மகனுக்கு நடந்தது இதுதான்.

26 வயது. டைல்ஸ் ஒட்டும் வேலை. போன வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு ராத்திரியே உடம்பு கொதித்திருக்கிறது. ஞாயிறு படுத்துக் கிடந்தான். திங்கள், செவ்வாய் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான், ஃபிளாட் ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டதாம். புதன்கிழமை எழுந்திருக்க முடியாமல் வீட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். அங்கே கேட்டதற்கு அவனும் ரெண்டு நாள் என்றே சொல்லியிருக்கிறான். ரெண்டு நாள் காய்ச்சல்தானே என்று சில நிமிஷத்தில் முடிவு காட்டும் என்எஸ்1 கார்டு பரிசோதனை மட்டும் போட்டிருக்கிறார்கள், நெகட்டிவ். கூடவே டைஃபாய்டுக்குப் பார்க்கும் விடால் பரிசோதனை, அதில் லேசாகப் பாசிட்டிவ். டைஃபாய்டு என்று எழுதி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "டெங்கு இல்லையாம்டி, டைஃபாய்டுதானாம்" என்றாள். நல்லவேளை என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன். 31 வருஷம் ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் எத்தனையாவது நாள் என்று கேட்ட நான், என் அக்கா மகன் விஷயத்தில் கேட்கவில்லை. இன்றைக்கும் இது எனக்கு ஆறவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். சாயங்காலம் நான் ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவன் கையைத் தொட்டதும் என் கை பின்னால் இழுத்துக்கொண்டது. ஜில்லென்று இருந்தது. வயிறு வலிக்கிறது என்று புரண்டுகொண்டிருந்தான். மத்தியானத்திலிருந்து நாலு தடவை வாந்தி. "சித்தி, காய்ச்சல் போயிடுச்சு, ஆனா ஒரு மாதிரி இருக்கு" என்றான். அக்காவை உட்காரவைத்து, சனிக்கிழமையிலிருந்து நாள் நாளாகச் சொல்லச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினோம். ஆறாம் நாள். மூணு வருஷம் முன்னால் அவனுக்கு ஒரு காய்ச்சலில் கவுண்ட், அதாவது ரத்தத் தட்டணு எண்ணிக்கை, இறங்கியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கவுண்ட் 38 ஆயிரம். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, அது 51-ல் நின்றது. ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்பதற்கு அடையாளம் அது. டெங்குவில் கண்டம் இருப்பது காய்ச்சல் அடிக்கும் நாளில் இல்லை, காய்ச்சல் விடும் நேரத்தில்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கத்திமேல் நடக்கும் நேரம். இரவுப் பணி டாக்டர் ஒரு சின்னப் பெண். அவளும் முதல் கேள்வியாகக் கேட்டது, "எந்தக் கிழமை ஆரம்பிச்சது?" என்பதுதான். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிசிவி பார்த்து, அதற்குத் தகுந்தபடி சலைன் அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். தட்டணு ஏற்றவில்லை, அவனுக்கு ரத்தக்கசிவு இல்லாததால் தேவைப்படவும் இல்லை. மறுநாள் எலைசா முடிவு வந்தது. ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி எக்கச்சக்கம். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான்.

அந்தக் கிளினிக்கின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் விடால் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். டைஃபாய்டு சாதாரணமாகப் புழங்கும் நம் மாதிரி ஊர்களில் ஆரோக்கியமாக இருப்பவருக்கே விடால் கொஞ்சம் காட்டும். எப்போதோ வந்து போன டைஃபாய்டுக்கும் காட்டும், வேறு காய்ச்சலிலும் ஏறிக் காட்டும். ஒரே ஒரு விடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்ப வேண்டும். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் தீராதவரை டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் தொடக்கூடாது, ரத்தக்கசிவுக்கு வழி வைத்துவிடும். பாரசிட்டமால் மட்டும் போதும். மருந்துக்கடையில் 'வலிக்கு ஒண்ணு சேர்த்துக் குடுங்க' என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த 'ஒண்ணு' என்ன என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

கார்டு பரிசோதனையை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இருபது நிமிஷத்தில் பதில் தரும். ஆனால் எலைசா அளவுக்கு அதை நம்ப முடியாது என்பதால்தான் அரசு கணக்கில் கார்டு முடிவை உறுதியானதாக எடுத்துக்கொள்வதில்லை. எலைசா எப்படி நடக்கும் என்று தெரிந்தால் ஏன் தாமதம் என்பதும் புரியும். 96 குழி கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு மனிதரின் ரத்தநீர். கழுவி, ஊற்றி, மறுபடி கழுவி, கடைசியில் நீலம் படரும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் அடர்த்தியை இயந்திரம் படிக்கும். நான்கைந்து பேருக்காக ஒரு தட்டைத் திறந்தால் மிச்சம் வீணாகும், அதனால் மாதிரிகள் சேரும்வரை காத்திருப்போம். ஒன்றிரண்டு நாள் ஆகிவிடும். தனியார் இடங்களில் அந்தப் பொறுமை கிடையாது, நோயாளிக்கும் கிடையாது. அந்த மஞ்சள் நிறத்தை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் அது யாரோ ஒரு வீட்டுச் செய்தி என்றே தோன்றும்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் கர்நாடக அரசு டெங்கு பரிசோதனைக்கு உச்சக் கட்டணம் நிர்ணயித்தது. என்எஸ்1 எலைசா 300 ரூபாய், ஐஜிஎம் எலைசா 300 ரூபாய், கார்டு 250 ரூபாய். கார்டுக்கும் எலைசாவுக்கும் வித்தியாசம் வெறும் 50 ரூபாய்தான். என்ன முறையில் பரிசோதித்தார்கள் என்று தாளில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

டெங்கு நெகட்டிவ் என்று வந்தபின் தேடுவதை நிறுத்திவிடுவதும் எனக்கு வேதனையான விஷயம். டெங்குவைப் பரப்பும், பகலில் கடிக்கும் அதே ஏடிஸ் கொசுதான் சிக்குன்குன்யாவையும் கொண்டுவருகிறது. 2006-ஐ நான் மறக்க மாட்டேன். 32 வருஷம் இந்தியாவில் காணாமல் போயிருந்த நோய் 2005 கடைசியில் திரும்பி வந்து, அடுத்த வருஷம் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்கவைத்தது. அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர், நம் கர்நாடகத்தில். எங்கள் ஆய்வகத்துப் படிக்கட்டில் ஆண்களும் பெண்களும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியது கண்ணில் நிற்கிறது. சிக்குன்குன்யா என்பது தான்சானியாவில் மக்கோண்டே மக்கள் வைத்த பெயர், உடம்பு வளைந்து போவதைச் சொல்வது. அதற்கும் நாள் கணக்கு உண்டு. முதல் வாரத்தில் வைரஸைத் தேடும் ஆர்டி-பிசிஆர், அப்புறம் ஐஜிஎம். மூட்டு வலி அதிகமாக இருந்தால் டெங்குவோடு இதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஜிகா என்ற வைரஸையும் இதே கொசுதான் பரப்புகிறது. 2022 டிசம்பரில் ராய்ச்சூர் மாவட்டத்தில் 5 வயதுச் சிறுமிக்கு ஜிகா இருப்பதைப் புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது. முதலில் டெங்குவும் சிக்குன்குன்யாவும் தேடப்பட்ட ரத்தம்தான் அது. தேடுவதை அங்கேயே நிறுத்தியிருந்தால் அதுவும் மர்மக் காய்ச்சல்தான். ஜிகாவின் எதிர்ப்பொருளும் டெங்குவின் எதிர்ப்பொருளும் சொந்தக்காரர்கள் மாதிரி, ஒன்றின் பரிசோதனையில் மற்றது பாசிட்டிவ் காட்டிவிடும். அதனால் பிசிஆர் வேண்டும். சிறுநீரில் அது ரத்தத்தைவிட அதிக நாள் தெரியும். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் இதை டாக்டரிடம் கேட்காமல் விடக்கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தையின் தலை வளர்ச்சியைப் பாதிக்கும் நோய் இது.

காய்ச்சலோடு வலிப்போ நினைவு தடுமாற்றமோ வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். வயல் பக்கத்துக் கொசு பரப்புவது. இந்தியாவில் அது மனிதரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் வேலூரில்தான். அதற்கு முதுகுத்தண்டு நீரில் ஐஜிஎம் பார்ப்பார்கள். இங்கே பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் போன்ற உயர்நிலை ஆய்வகம் இருப்பது நமக்குப் பெரிய பலம்.

கொசுவே இல்லாத கதையும் ஒன்று. எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் அம்மா ஊர்த் திருவிழாவுக்குக் கிருஷ்ணகிரி பக்கம் போய்வந்தார். பத்து நாள் காய்ச்சல். மூன்று தடவை டெங்கு பரிசோதனை, மூன்றும் நெகட்டிவ். மலேரியா ஸ்லைடும் நெகட்டிவ். கடைசியில் ஒரு நர்ஸ் உடம்பு முழுவதும் பார்த்தபோது, மார்புக்குக் கீழே மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல், புதர் பக்கம் இருக்கும் சின்ன உண்ணி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாளும் அந்தப் பொருக்கு அங்கேயேதான் இருந்திருக்கிறது. வலிக்கவில்லை என்பதால் அவருக்கே தெரியவில்லை, கூச்சத்தால் யாரும் பார்க்கவும் இல்லை. எங்கே போய்வந்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால்கூடப் போதும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது, 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதும் இடத்தில், எத்தனையாவது நாளில் எந்தெந்தப் பரிசோதனை செய்தார்கள், இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும். அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசகர்களிடம் கேட்பது, பால் கணக்கு எழுதும் காலண்டரில் காய்ச்சல் தொடங்கிய நாளையும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் நிற்கும், பழைய டெங்குவையே புதிது என்று நினைத்துவிடலாம். கவுண்ட் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் பிசிவி எவ்வளவு என்றும் கேளுங்கள். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்பும் குடிப்பவர்கள், குடித்துவிட்டோமே என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிப்பு, அளவுக்கு மீறிய சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் நடு ராத்திரி என்று பார்க்காதீர்கள்.

ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல இடங்களில் பரிசோதனைச் சீட்டில் பெயர், வயது, பாலினம் எல்லாம் இருக்கிறது, காய்ச்சல் தொடங்கிய தேதிக்கு மட்டும் இடம் இல்லை. மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் இதைக் கட்டாயமாக்கினால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. என் அக்கா மகன் குணமானபின் நானே ஒரு தாளில், 'காய்ச்சல் தொடங்கிய தேதி, ரத்தம் எடுத்த தேதி, எத்தனையாவது நாள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, எங்கள் பகுதியில் இருக்கும் மூன்று ஆய்வகங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவர் வாங்கி மேஜைக்குள் போட்டார். ஒருவர் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாவது இடத்தில் இருந்த பையன் அப்போதே ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்துவிட்டான். இப்போது அவன் கொடுக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் வலது மூலையிலும் அந்த மூன்று வரி இருக்கிறது. மற்ற இருவரிடமும் வரும் வாரம் மறுபடி போகப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.